இணையதளச் சோதனையில் ஈஈஜி: சில நடைமுறைக் குறிப்புகள்

ஈஈஜி (மூளையின் மின் அலைகளைப் பதியும்) தொப்பியை மாட்டிவிட்டு "இந்தப் பக்கம் பிடிச்சிருக்கா?" என்று மூளையைக் கேட்க முடியாது. ஓரளவு நம்பிச் சொல்லக்கூடியது மனச்சுமையைத்தான். படிவம் குழப்பினால், உச்சந்தலைக்குச் சற்று முன்னே உள்ள எஃப்இசட் (Fz) மின்முனையில் தீட்டா அலை (4–8 ஹெர்ட்ஸ்) ஏறும். பின்னே உள்ள பிஇசட் (Pz) மின்முனையில் ஆல்ஃபா அலை (8–12 ஹெர்ட்ஸ்) இறங்கும்.

ஜெல் மின்முனைகளில் மின்மறுப்பு (தோலுக்கும் மின்முனைக்கும் இடையே உள்ள மின்தடை) 10 கிலோஓமுக்குக் கீழே வரும்வரை தொடங்காதீர்கள். முடியை விலக்கித் தோலை லேசாகத் தேய்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பிறகு ஒரு புள்ளியைப் பார்த்தபடி 2 நிமிட அடிப்படைப் பதிவு. ஆல்ஃபா ஆளுக்கு ஆள் எக்கச்சக்கமாக மாறும். அடிப்படைப் பதிவு இல்லாமல் ஒப்பீடே கிடையாது.

பெரிய தலைவலி கண் சிமிட்டல். மூளை அலை சில பத்து மைக்ரோவோல்ட்தான்; ஒரு சிமிட்டல் 100-ஐத் தாண்டும், தீட்டாவுக்குள்ளும் கசியும். ஐசிஏ (கலந்த சமிக்ஞைகளைக் கணக்கீட்டால் தனித்தனியாக்கும்) முறையில் பிரித்தெடுக்கலாம், ஆனால் நான்கே முனை உள்ள தலைப்பட்டையில் அது சரிப்படாது. பல்லைக் கடித்தால் தாடைத் தசையின் மின்சாரத்தால் பீட்டா (ஆல்ஃபாவைவிட வேகமான அலை) உயரும். அதையும் 'ஈடுபாடு' என்று அறிக்கையில் எழுதிவிடுகிறார்கள்!

ஒவ்வொரு கிளிக்குக்கும் பக்க மாற்றத்துக்கும் பதிவிலேயே நேரக்குறி விழ வேண்டும். வெள்ளைப் பின்னணியையும் கறுப்புப் பின்னணியையும் அப்படியே ஒப்பிடாதீர்கள். வெளிச்ச வித்தியாசமே ஆல்ஃபாவை அசைக்கும். பக்கங்களின் வரிசையையும் ஆளுக்கு ஆள் மாற்றுங்கள். களைப்பில் ஆல்ஃபா தானாக ஏறுவதால், கடைசியாகக் காட்டிய பக்கம் சும்மாவே 'எளிது' என்று பெயர் வாங்கிவிடும்.