வெள்ளி வந்து திங்கள் போகும் படங்கள்

கொங்குப் பக்கம் நல்ல படமே வருவதில்லை என்று குறைபடுபவர்களில் பாதிப் பேர், வந்த படத்தைத் தவறவிட்டவர்கள்தான். நட்சத்திரம் இல்லாத படம் கோவையில் ஒன்றிரண்டு திரைகளில் வெளியாகும். காலை 11 மணிக் காட்சியோ இரவுக் காட்சியோ, மிஞ்சிய நேரம்தான் அதற்குக் கிடைக்கும். ஞாயிறு வசூல் பார்த்துவிட்டுத் திங்களன்றே அதையும் எடுத்துவிடுவார்கள். அடுத்த வெள்ளி பெரிய படம் வருகிறதென்றால் வியாழன் வரைகூடத் தாங்காது. "அடுத்த வாரம் பாத்துக்கலாமுங்க" என்பது இந்த வகைப் படங்களுக்குச் செல்லாது.

புதன் மாலையிலிருந்து வியாழன் இரவுக்குள் வெள்ளிக்கிழமைக் காட்சிகள் டிக்கெட் செயலிகளில் ஏறிவிடும். அப்போதே பார்த்து, சனிக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள். தனித் திரையரங்குகளில் ஆள் சேராவிட்டால் காட்சியையே ரத்து செய்வதுண்டு. பணம் திரும்பி வரும், படம் வராது. நாலைந்து பேராகச் சேர்ந்து பதிவு செய்தால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. மலையாளப் படத்துக்குப் போகிறவர்கள் ஆங்கில சப்டைட்டில் உண்டா என்று அரங்கத்துக்கே போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. செயலியில் அது எப்போதும் இருப்பதில்லை.

எந்தப் படத்தை எங்கே பார்ப்பது என்பதற்கும் கணக்கு உண்டு. ஐமேக்ஸுக்கென்றே எடுத்த படமானால் கோவை அவிநாசி சாலை பிராட்வே திரையரங்குக்குப் போகலாம். வெறும் பேச்சும் முகங்களுமாக நகரும் படத்துக்கு அந்தக் காசு வீண். எந்த அரங்கமானாலும் திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு பின்னால், நடுவில் உட்காருங்கள். பால்கனி உள்ள பழைய அரங்கில் அட்மாஸ் (கூரையிலிருந்தும் ஒலி வரும் அமைப்பு) போட்டிருந்தால் பால்கனிக்கு அடியில் உட்கார வேண்டாம். கூரை ஸ்பீக்கரின் சத்தம் அங்கே வந்து சேராது. தமிழ்நாட்டில் 2023-க்குப் பிறகு பெரிய படங்களின் முதல் காட்சிக்குக் காலை 9 மணிதான். விடியற்காலைக் காட்சி வேண்டுமென்கிற ரசிகர்கள் வாளையாறு தாண்டிப் பாலக்காடு போகிறார்கள். போகட்டும், நமக்கு அந்தக் கூச்சலில் வசனம் கேட்காது.

திரையரங்குக்கே வராத படங்களுக்குத் திரைப்படக் கழகம்தான் கதி. கோவையில் கோணங்கள் என்ற திரைப்படக் கழகம் ஞாயிறு மாலைகளில் உலகப் படங்களைத் திரையிட்டு ஒரு கூட்டத்தையே பழக்கியது. தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்) கிளைகளும் அவ்வப்போது திரையிடுகின்றன. உங்கள் ஊரில் எதுவும் இல்லையென்றால் நீங்களே தொடங்குங்கள். 1905-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு புரொஜெக்டரோடு ஊர் ஊராகக் கிளம்பியவர். கோவையில் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டியது அதற்குப் பிறகுதான்.

ஐம்பது பேருக்குப் பத்தடி அகலப் படம் போதும். இருட்டடித்த அறையில் 3000 லூமன் வெளிச்சமுள்ள புரொஜெக்டர் தாராளம். அதன் த்ரோ விகிதம் (திரைக்கு உள்ள தூரத்தைப் பட அகலத்தால் வகுத்த எண்) 1.5 என்றால் திரைக்கும் அதற்கும் 15 அடி இடைவெளி வேண்டும், ஆகவே முதலில் அறையை அளந்துவிட்டுப் பிறகு வாடகைக்கு எடுங்கள். புரொஜெக்டரைச் சாய்த்து வைத்துவிட்டு கீஸ்டோன் பட்டனால் படத்தை நிமிர்த்துவது பலருக்கும் பழக்கம். அப்படிச் செய்தால் எழுத்துகளின் கூர்மை போய்விடும். மேசையின் உயரத்தைக் கூட்டுவதே சரி.

பத்தடி அகலப் படத்தின் உயரம் ஐந்தே முக்கால் அடிக்குள் அடங்கும். ஈரோட்டில் 72 அங்குல அகலத்தில் வெள்ளைக் காடாத் துணி கிடைத்தால் படுக்கைவாட்டில் கட்டிவிடலாம், நடுவில் தையல் விழாது. துணிக்குப் பின்னால் கறுப்புத் துணி ஒன்று அவசியம், இல்லையென்றால் வெளிச்சம் ஊடுருவிப் படம் வெளுத்துப்போகும். பளபளக்கும் ஃபிளெக்ஸ் வேண்டவே வேண்டாம். நடுவில் ஒரு வெளிச்சப் பொட்டு கடைசிவரை இருக்கும். திரையின் அடி விளிம்பு தரையிலிருந்து நாலரை அடியாவது மேலே நிற்க வேண்டும். மூன்றடியில் கட்டினால் முன்வரிசைத் தலைகள் சப்டைட்டிலை மறைக்கும். பாதிக் கூட்டம் இடைவேளையிலேயே எழுந்து போய்விடும்.

கூட்டம் கலைவதற்குப் படத்தைவிடச் சத்தம்தான் பெரும்பாலும் காரணம். புரொஜெக்டருக்குள் இருக்கும் ஸ்பீக்கர் உதவாது. மண்டபத்து ஹார்ன் ஸ்பீக்கர் அறிவிப்புக்கானது, வசனத்தைக் கிழித்துவிடும். திரையின் இருபுறமும் காது உயரத்தில் இரண்டு பெட்டி ஸ்பீக்கர் வையுங்கள். 5.1 ஒலியுள்ள (ஒலி ஆறு சேனல்களாகப் பிரிந்த) படக் கோப்பை இரண்டு சேனல் ஸ்டீரியோவாக மாற்றாமல் ஓட்டினால் இசை மட்டும் வந்து பேச்சு காணாமல் போகலாம், ஏனென்றால் வசனம் இருப்பது நடுச் சேனலில். லேப்டாப்பையும் ஆம்ப்ளிஃபயரையும் வெவ்வேறு பிளக்கில் சொருகினால் 'ம்ம்ம்' என்று இரைச்சல் கேட்கலாம். ஒரே போர்டில் சொருகிப் பாருங்கள்.

சப்டைட்டில் கோப்பைப் படத்தின் பெயரிலேயே சேமியுங்கள். தமிழாக இருந்தால் யுடிஎஃப்-8 குறியாக்கம் கட்டாயம், இல்லாவிட்டால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். தொடக்கம் முதல் ஒரே அளவு முன்பின்னாக இருந்தால் விஎல்சி பிளேயரில் ஜி, ஹெச் விசைகளால் சரிசெய்யலாம். போகப்போக விலகினால் அது வேறு நோய்: படம் நொடிக்கு 23.976 பிரேம், சப்டைட்டில் 25 பிரேமுக்கானது. ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம் தள்ளிப்போகும். அதற்கு வேறு கோப்பு தேடுவதே எளிது. ஆகவே முதல் ஐந்து நிமிடத்தோடு சோதனையை முடிக்காமல் கடைசி ஐந்து நிமிடத்தையும் ஓட்டிப் பாருங்கள்.

கிழமையும் இடமும் ஊரைப் பொறுத்தது. பனியன் கம்பெனிகளில் சம்பளம் சனிக்கிழமை, விடுமுறை ஞாயிறு. அதனால் திருப்பூரில் ஞாயிறு மாலை ஐந்தரைக்குத்தான் ஆள் சேரும். சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் அறை பிடிக்கும் முன், தறிச் சத்தம் எட்டுகிறதா என்று காட்சி நேரத்திலேயே போய்க் கேளுங்கள். பகல் காட்சி என்றால் மாதாந்திர மின்தடை அறிவிப்பைப் பாருங்கள். ஆனி, ஆடியில் திறந்தவெளியை மறந்துவிடலாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று துணித்திரையை நிற்கவிடாது. மார்கழியில் காற்று இல்லை, ஆனால் இரவுப் பனி லென்ஸில் படியும்.

டிவிடி வாங்கினாலும், ஓடிடி சந்தா கட்டினாலும் பொதுத் திரையிடலுக்கு அது உரிமை ஆகாது. ஆவணப்படம், குறும்படம் எடுத்தவர்களிடம் எழுதிக் கேட்டால் பலர் மகிழ்ச்சியோடு தருவார்கள். இயக்குநரே வந்து பேசவும் வாய்ப்புண்டு. புதிய கழகத்துக்கு அதுவே நல்ல தொடக்கம்.

பெரிய திரைப்பட விழாக்களுக்கு ஊர்விட்டு ஊர் போகத்தான் வேண்டும். கோவா விழா நவம்பர் பின்பாதியில். சென்னையும் திருவனந்தபுரமும் டிசம்பரில், பல ஆண்டுகளில் தேதிகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். இரண்டில் ஒன்றென்றால் நான் திருவனந்தபுரம் என்பேன். அங்கே கூட்டமே ஒரு பாடம். சேலம், ஈரோடு, திருப்பூர், கோவைக்காரர்களுக்கு ஐலண்ட் எக்ஸ்பிரஸ் (பெங்களூரு–கன்னியாகுமரி ரயில்) நேராகப் போகிறது. ரயில் நிலையம் இருக்கும் தம்பானூரில் அறை எடுத்தால், விழாப் படங்கள் ஓடும் கைரளி வளாகம் நடந்துபோகும் தூரம். இன்னொரு விழா அரங்கமான டாகூர் தியேட்டருக்கு ஆட்டோ வேண்டும், எனவே இரண்டு காட்சிக்கு நடுவே முக்கால் மணி நேரமாவது விடுங்கள். விருது வாங்கிய படங்களின் பின்னால் ஓடாதீர்கள், அவை பெரும்பாலும் ஓடிடிக்கு வரும். பழைய படங்களின் மீட்டெடுத்த பிரதிகளைப் பெரிய திரையில் பார்க்க வேறு வாய்ப்பு அரிது. விழாவுக்கான பிரதிநிதிப் பதிவு தொடங்கட்டும் என்று ரயில் டிக்கெட்டைத் தள்ளிப்போட வேண்டாம். முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கிறது, டிசம்பரோ சபரிமலை சீசன். அந்த வண்டிகளில் சாமிமார்களும் கிளம்புவார்கள்.