கவுத்துப் பாருங்க: லண்டன்ல ஏசியன் ஆர்ட் நடக்கற பத்து நாள்

அக்டோபர் கடைசி ஆயிடுச்சுன்னா எனக்கு கால் வீட்ல நிக்காது. குளிர்காலத்துக்காக இங்க கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி வைக்கற அதே சமயத்துல தான் ஏசியன் ஆர்ட் இன் லண்டன் ஆரம்பிக்கும். 1998ல இருந்து வருஷா வருஷம் நடக்குது, இந்த ஊர்ல இருக்கற ஆசியக் கலைப்பொருள் டீலர்கள், ஏலக் கம்பெனிகள், மியூசியங்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே சமயத்துல கண்காட்சி, ஏலம், பேச்சுன்னு வைப்பாங்க. இந்திய, இஸ்லாமியப் பொருட்கள் ஏலம் பெரும்பாலும் அக்டோபர் கடைசில முடிஞ்சிடும், சீனா ஜப்பான் எல்லாம் நவம்பர் முதல் வாரத்துல வரும். தனியா ஒரு இடம்னு கிடையாது, ஊரே தான் இடம். நம்ம ஊர்ல திருவிழா அன்னிக்கு தெருத்தெருவா சுத்துவோம்ல, அப்படித்தான் நானும் சுத்துவேன்.

முக்கியமா மூணு பகுதி. கென்சிங்டன் சர்ச் ஸ்ட்ரீட், செயின்ட் ஜேம்ஸ், மேஃபேர். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நாள் ராத்திரி வரைக்கும் கடைங்க திறந்திருக்கும். சாதாரண நாள்ல இந்தக் கடைங்கள்ல பெல் அடிச்சா தான் கதவு திறப்பாங்க, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு ஜாடி லைட்டுக்கு கீழ நிக்கும், விலை எழுதியிருக்காது. முதல் ரெண்டு மூணு வருஷம் நான் வெளிய நின்னு பாத்துட்டு போயிடுவேன், உள்ள போனா வாங்கணுமோன்னு ஒரு பயம். அந்த ராத்திரில கதவு திறந்தே இருக்கும், யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க, கையில ஒரு கிளாஸ் ஒயினோ ஜூஸோ குடுத்துட்டு அவங்க பாட்டுக்கு பேச ஆரம்பிச்சிடுவாங்க. நாற்பது வருஷமா ஒரே விதமான பொருளை பாத்துப் பாத்து கண்ணு பழகினவங்க, நீங்க ஒரு கேள்வி கேட்டா பத்து பதில் வரும். இத்தனைக்கும் ஒரு பைசா செலவு கிடையாது. ஈஸ்ட் ஹாம்ல இருந்து ட்யூப் டிக்கெட் மட்டும் தான்.

ஆனா எனக்கு இந்த விழாவுல உசுரே ஏலத்துக்கு முன்னாடி பொருளைப் பாக்க விடற வ்யூயிங் தான். நிறைய பேருக்கு இது தெரியாதுங்கறதால தான் இந்த போஸ்ட்டே எழுதறேன். மியூசியத்துல கண்ணாடிக்கு வெளிய நின்னு முன்பக்கம் மட்டும் பாக்கலாம், இங்க கேட்டா எடுத்து கையில குடுப்பாங்க. யார் வேணா போகலாம், கேட்லாக்ல லாட் நம்பரை, அதாவது ஏலப் பொருளோட வரிசை எண்ணை, பாத்து சொன்னா போதும், கம்பளித்துணி விரிச்ச மேஜைல கொண்டு வந்து வைப்பாங்க.

முதல் தடவை நான் கேட்டது ஒரு நீல வெள்ளை கிண்ணம். சீனா, காங்ஷி மன்னர் காலம், அதாவது 1700க்கு முன்ன பின்ன. அந்த ஏலக் கம்பெனில இருந்த அம்மா முதல்ல மோதிரத்தையும் வாட்ச்சையும் கழட்டச் சொன்னாங்க. கையுறை எதுவும் தரல, பீங்கானுக்கு கையுறை போட்டா வழுக்கும்னு சொன்னாங்க. ரெண்டு கையாலயும் எடுங்க, மேஜைக்கு மேலயே வச்சுக்கோங்க, தூக்கி உயரத்துல பிடிக்காதீங்க, பாத்து முடிச்சதும் என் கைல குடுக்காதீங்க, மேஜைல வைங்க, நான் அங்க இருந்து எடுத்துக்கறேன். இந்தக் கடைசி விஷயத்தை கேட்டதும் எனக்கு எங்க பாட்டி ஞாபகம் தான் வந்துச்சு, எங்க வீட்ல உப்பை கைக்கு கை குடுக்க மாட்டாங்க, கீழ வச்சா தான் எடுத்துக்கணும், குடுத்தா சண்டை வரும்பாங்க. இங்க காரணம் வேற, ரெண்டு பேர் கை மாறும்போது தான் பொருள் விழும், அவன் பிடிச்சிட்டான்னு இவன் விடுவான், இவன் விடலன்னு அவன் பிடிக்க மாட்டான்.

அப்புறம் சொன்னாங்க, இப்ப கவுத்துப் பாருங்க.

அந்த ஒரு வார்த்தைல தான் எனக்கு இந்த விழாவோட சாவி கிடைச்சுது. பொருளோட அழகு முன்னாடி இருக்கும், கதை அடில இருக்கும். கிண்ணத்தோட அடியில ஒரு வளையம் மாதிரி கால் இருக்கும், அதுல கிளேஸ், அதாவது கண்ணாடி மாதிரி பளபளக்கற பூச்சு, இருக்காது, சூளைல ஒட்டிக்கக்கூடாதுன்னு துடைச்சு விட்டிருப்பாங்க, அதனால அங்க மட்டும் உள்ள இருக்கற மண்ணு வெறுமையா தெரியும். விரல் நுனியால தடவினா பட்டு மாதிரி இருந்துச்சு, கிளேஸ் முடியற விளிம்புல மட்டும் லேசா ஒரு செம்மண் கலர் கோடு. நடுவுல ரெண்டு நீல வட்டம், அதுக்குள்ள ஆறு சீன எழுத்து. அந்த எழுத்து சொல்றது செங்ஹுவா மன்னர் பேரு, அவரு ஆண்டது 1465ல இருந்து 1487 வரைக்கும்! கிண்ணமோ அதுக்கு இருநூறு வருஷம் கழிச்சு செஞ்சது. அப்ப இது போலியான்னு கேட்டேன். இல்லன்னாங்க. 1677ல, பீங்கான் செய்யற ஊரான ஜிங்தேஜென்னோட அதிகாரி, ஆள்ற மன்னர் பேரை பாத்திரத்துல எழுதக்கூடாதுன்னு தடை போட்டாரு, பாத்திரம் உடைஞ்சு குப்பைக்கு போனா மன்னர் பேரும் சேர்ந்து குப்பைக்கு போகுமேன்னு. அதனால அந்தக் காலத்து குயவர்கள் பழைய மன்னர் பேரை எழுதினாங்க, பழசு மேல இருந்த மரியாதையும் ஒரு காரணம். சாமி படம் போட்ட காலண்டரை வருஷம் முடிஞ்சாலும் குப்பைல போட மனசு வராம பரண்ல வச்சிருக்கற வீட்ல வளர்ந்தவ நான், எனக்கு அது உடனே புரிஞ்சுது.

அதுல இருந்து எங்க போனாலும் அடியும் முதுகும் காட்டச் சொல்லி கேப்பேன், ஒருத்தரும் முகம் சுளிச்சதில்ல, சொல்லப்போனா அப்படிக் கேட்டா தான் அவங்களுக்கு சந்தோஷமே. ஜப்பான்ல இடுப்புப் பட்டைல பையைத் தொங்கவிட நெட்சுகேன்னு ஒரு குட்டி பொம்மை வச்சிருப்பாங்க, உள்ளங்கைக்குள்ள அடங்கற சைஸ், ஒரு எலியோ தூங்கற நாயோ, திருப்பினா வயித்துப் பக்கம் கூட பாதங்களோட முழுசா செதுக்கியிருக்கும், கயிறு கோக்க ரெண்டு ஓட்டை, அதுல ஒண்ணு சில சமயம் பெருசா இருக்கும், முடிச்சு உள்ள போய் ஒளியறதுக்கு. ஜப்பான் வாள்ல செஞ்சவன் கையெழுத்து பிடிக்குள்ள மறையற வால் பகுதில இருக்கும், பிடியைக் கழட்டினா தான் தெரியும், அந்த இடத்துல துருவை சுத்தம் பண்ணவே கூடாது, வயசைச் சொல்றதே அந்தத் துரு தான். திபெத் பக்கத்து வெண்கலச் சிலைகள்ல உள்ள மந்திரம் எழுதின சுருள், தானியம் எல்லாம் வச்சு அடியை ஒரு செப்புத் தகட்டால மூடி, அது மேல குறுக்கு வஜ்ரம், அதாவது ரெண்டு வஜ்ராயுதம் குறுக்கா வச்ச சின்னம், பொறிச்சிருப்பாங்க. தகடு அப்படியே இருந்தா யாரும் திறக்கலன்னு அர்த்தம். தாங்கான்னு சொல்ற திபெத்தியத் துணி ஓவியத்தை திருப்பினா முன்னாடி இருக்கற உருவத்தோட தலை, கழுத்து, நெஞ்சுக்கு நேர் பின்னாடி ஓம் ஆ ஹூம்னு எழுதியிருக்கும், உயிர் குடுக்கற எழுத்து அது, முன்னாடி நிக்கறவங்களுக்கு தெரியவே தெரியாது.

விலையைப் பத்தி தான் எல்லாரும் கேப்பாங்க, அதையும் சொல்லிடறேன். 2010 நவம்பர்ல, இங்க மேற்கு லண்டன்ல ரைஸ்லிப்ங்கற இடத்துல ஒரு சின்ன ஏலக் கம்பெனில, பின்னர் (Pinner)ங்கற பகுதில ஒரு வீட்டை காலி பண்ணும்போது கிடைச்ச, 18ம் நூற்றாண்டு சீன மன்னர் சியான்லாங் காலத்து ஜாடி ஒண்ணு வந்துச்சு. வெளிச்சுவர்ல சல்லடை மாதிரி ஓட்டை வெட்டி உள்ள இன்னொரு ஜாடி தெரியற மாதிரி செஞ்சது. எஸ்டிமேட் 8 லட்சத்துல இருந்து 12 லட்சம் பவுண்ட், சுத்தியல் விழுந்தது 4.3 கோடி பவுண்டுக்கு. கமிஷன் சேர்த்து 5 கோடிக்கு மேல. ஊரே பேசிச்சு, ஆனா ஏலம் எடுத்தவர் பணம் கட்டவே இல்ல, ரெண்டு வருஷத்துக்கு மேல இழுத்து 2013ல தான் வேற ஒருத்தருக்கு குறைஞ்ச விலைக்கு தனியா கைமாறுச்சு. நான் சொல்ல வர்றது, பேப்பர்ல வர்ற விலை வேற, கைக்கு வர்ற காசு வேற. நீங்க ஏதாவது சின்னதா எடுக்கணும்னு கை தூக்கினா கூட பெரிய கம்பெனிகள்ல கால் பங்குக்கும் மேல கமிஷன் சேரும்னு கணக்கு போட்டுட்டு தூக்குங்க.

இந்த பத்து நாள்ல ஒரு நாளாவது பிரிட்டிஷ் மியூசியம் போய் 95ம் ரூமுக்குள்ள போங்க. பெர்சிவல் டேவிட்னு ஒருத்தர் சேர்த்த சீனப் பீங்கான், எண்ணிக்கைல 1700 உருப்படிக்கு பக்கமா இருக்கு. நடுவுல டேவிட் வாஸ்னு ஒரு ஜோடி, நீல வெள்ளைல டிராகன் சுத்தின உயரமான ஜாடிங்க. கழுத்துல எழுத்து இருக்கும், 1351ம் வருஷத்துல ஒருத்தர் குடும்பம் நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு ஒரு தாவோ கோயிலுக்கு குடுத்ததா எழுதியிருக்கு, ஒரு தூபக்கால் ரெண்டு ஜாடின்னு செட்டா குடுத்தது, தூபக்கால் இப்ப இல்ல. அந்த எழுத்துல வருஷம் இருக்கறதால தான் உலகம் முழுக்க நீல வெள்ளைப் பீங்கானுக்கு காலம் கணிக்கறவங்க இந்த ஜோடிகிட்ட வந்து நிக்கறாங்க. எனக்கு அதைப் படிச்சதும் எங்க ஊர் கோயில் குத்துவிளக்கு, டியூப் லைட் எல்லாத்துலயும் உபயம்னு பேரு எழுதியிருப்பாங்களே அது தான் ஞாபகம் வந்துச்சு. 1351ல ஒரு மனுஷன் குடுத்த உபயம். கோயிலுக்கு குடுத்தது இன்னிக்கு கண்ணாடிக்குள்ள நிக்குது.

இங்க தான் நம்ம வெண்கலம் வருது.

போன தடவை ஒரு கடைல ஒரு தேவி இருந்தா. ஒரு முழம் கூட இருக்க மாட்டா. கோயில்ல நாம உற்சவரைப் பாக்கும்போது பட்டும் பூவும் நகையும் தான் தெரியும், முகம் தெரியும், ரெண்டு கை தெரியும். இங்க எதுவுமே இல்லாம, ஸ்பாட்லைட்டுக்கு கீழ, தனியா. பின்பக்கம் பாக்கலாமான்னு கேட்டேன், அந்த பெரியவர் ரெண்டு கையாலயும் மெதுவா திருப்பினாரு, மெழுகு வார்ப்புல உள்ள ஓட்டையே இல்லாம கெட்டியா வார்த்தது, கனம் தெரிஞ்சுது. தலைக்குப் பின்னாடி சிரஸ்சக்கரம், தாமரைப்பூ மாதிரி, அதுக்கு கீழ சுருள் சுருளா முடி முதுகுல இறங்குது, யாருமே பாக்காத இடத்துல ஒவ்வொரு சுருளையும் தனித்தனியா செஞ்சு வச்சிருக்கான் அந்த ஸ்தபதி. மூக்கும் உதடும் மட்டும் மழுங்கியிருந்துச்சு. எத்தனை தலைமுறை பாலும் தயிரும் சந்தனமும் ஊத்தி தேய்ச்சு அபிஷேகம் பண்ணின கைங்களோ. பீடத்துல கம்பு சொருகற வளையம் ஒரு பக்கம் இருக்கு, ஒரு பக்கம் உடைஞ்சிருக்கு. எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, அதை மறைக்கவும் இல்ல.

பேப்பர் இருக்கான்னு கேட்டேன். தப்பா எடுத்துக்கல, உடனே ஃபைலை எடுத்தாரு, அதுக்கு அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கேன். 1969ல ஒரு பழைய கடை குடுத்த பில். கலைப்பொருள் கடத்தலைத் தடுக்கற யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970, நம்ம ஊர் தொல்பொருள் சட்டம் 1972, அதனால 1970க்கு முன்னாடி ஒரு காகிதம் இருந்தா போதும்னு மார்க்கெட் நினைக்குது. எனக்கு அது போதாது. 1969க்கு முன்னாடி அவ எங்க இருந்தா?

இந்த ஊர்லயே அந்தக் கேள்விக்கு பதில் வாங்கின கதை இருக்கு. 1976ல தஞ்சாவூர் மாவட்டம் பத்தூர்ல ஒரு கூலித்தொழிலாளி மண்ணைத் தோண்டும்போது கிடைச்ச நடராஜர், கை மாறி மாறி லண்டன் வந்து, பொய்யான பூர்வீகத்தோட 1982ல ஒரு கனடா எண்ணெய்க் கம்பெனிக்கு 2.5 லட்சம் பவுண்டுக்கு விலை போனாரு. சுத்தம் பண்ண பிரிட்டிஷ் மியூசியத்துக்கு குடுத்திருந்தப்போ போலீஸ் பிடிச்சுது. கேஸ் வருஷக்கணக்கா நடந்துச்சு, நம்ம தொல்லியல் அறிஞர் நாகசாமி ஐயா வந்து சாட்சி சொன்னாரு, சிலைல ஒட்டியிருந்த மண்ணு, உலோகம், கரையான் அரிச்ச தடம் வரைக்கும் எடுத்து பத்தூர்ல கிடைச்ச மத்த சிலைகளோட ஒப்பிட்டாங்க. பத்தூர்ல இடிஞ்சு கிடந்த கோயிலே வாதியா நின்னுச்சு, இங்கிலீஷ் கோர்ட்டும் அதை ஏத்துக்கிச்சு. 1991ல நடராஜர் ஊர் திரும்பினாரு. ஒட்டியிருந்த மண்ணை யாராவது நல்லா கழுவி விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சா எனக்கு இப்பவும் படபடங்குது.

அப்புறம் ஆனந்தமங்கலம். ராஜகோபாலப் பெருமாள் கோயில்ல இருந்து 1978 நவம்பர்ல திருடு போன ராமர், சீதை, லட்சுமணர், 2020 செப்டம்பர்ல இங்க லண்டன்ல இந்தியத் தூதரகத்துல திருப்பி ஒப்படைச்சாங்க. அடையாளம் காட்டினது எது தெரியுமா, பாண்டிச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்காரங்க 1958ல அந்தக் கோயிலுக்குப் போய் எடுத்து வச்ச கருப்பு வெள்ளை ஃபோட்டோ. யாரோ ஒருத்தர் வெயில்ல கேமராவைத் தூக்கிட்டு ஊர் ஊரா போய் எடுத்தது, அறுபது வருஷம் கழிச்சு சாமியைக் கூட்டிட்டு வந்துச்சு.

அதனால நான் அந்த பெரியவர்கிட்ட படம் எடுத்துக்கலாமான்னு கேட்டேன். எடுத்துக்கோன்னாரு. முன்னாடி, பின்னாடி, சிரஸ்சக்கரம், உடைஞ்ச வளையம், பீடத்துக்கு அடில இருந்த ஒரு சின்ன விரிசல், எல்லாம் எடுத்தேன். சிலைகளைத் தேடற ஒரு நண்பருக்கு அன்னிக்கு ராத்திரி ட்யூப்ல வரும்போதே அனுப்பிட்டேன். மூணு வாரம் கழிச்சு பதில் வந்துச்சு, இதுவரைக்கும் எந்தப் படத்தோடயும் ஒத்துப்போகலன்னு. ஃபோட்டோ எடுக்காத கோயில்களும் எத்தனையோ இருக்கு.

உங்க ஊர்க் கோயில்ல யார்கிட்டயாவது பழைய திருவிழா ஃபோட்டோ இருந்தா, முக்கியமா அலங்காரம் இல்லாம திருமஞ்சனம் நடக்கும்போது எடுத்தது இருந்தா, தயவு செஞ்சு ஸ்கேன் பண்ணி வைங்க. ஃபோட்டோவோட பின்பக்கத்தையும் ஸ்கேன் பண்ணுங்க, அதுல தான் தேதி எழுதியிருப்பாங்க.