ஊத் மேத்தா மாதா கோயிலில் அம்மாவின் பொருத்தனை

தூத்துக்குடியிலிருந்து அம்மா கொண்டு வந்த பெட்டியில் முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு, நெத்திலிக் கருவாடு எல்லாம் போக மூலையில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருந்தது. அதை யாரும் திறக்கக் கூடாது என்று உத்தரவு. உள்ளே பாலன் சேசுவுக்கு, அதாவது குடிலில் வைக்கும் குழந்தை இயேசு சுரூபத்துக்கு, அம்மா தைத்த சட்டை. வெள்ளை மல் துணி, கழுத்தைச் சுற்றி மெல்லிய லேஸ், முதுகில் முடிய நாடா. ஐந்து வருடக் கடன் அது.

2019-ல் என் மகன் 29-வது வாரத்திலேயே பிறந்துவிட்டான். எடை 1 கிலோ 120 கிராம், நீளம் 37 சென்டிமீட்டர். ஐம்பத்திரண்டு நாள் இன்குபேட்டரில் இருந்தான். நாங்கள் குடியிருப்பது ஷார்ஜா, மருத்துவமனை துபாயில். வேலை முடிந்ததும் மருத்துவமனை, அங்கிருந்து துபாயிலேயே ஊத் மேத்தா பகுதியில் இருக்கும் புனித மரியன்னை கோயில், அப்புறம் வீடு என்று ஓடிய நாட்கள். கோயிலில் எனக்குச் செபம் வராது. கடைசி பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போடுவேன். அப்படி ஒரு இரவில், பிள்ளைக்கு மூச்சு திணறுகிறது என்று சொல்லி நான் அழுதபோதுதான் அம்மா பொருத்தனை வைத்தார். "நீ நிக்கிற அந்தக் கோயில் பாலனுக்கே என் கையால சட்டை தைச்சுப் போடுதேன். பிள்ளை பிழைச்சு வந்து அவனே போடணும்."

பிள்ளை பிழைத்தான். ஆனால் மறு வருடமே கொரோனா வந்து கோயில்களை மூட வைத்தது. அதற்குப் பிறகு அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். ஒருவழியாக 2024 டிசம்பரில்தான் விசா எடுத்து அழைத்து வர முடிந்தது.

இங்கே கிறிஸ்துமஸ் விடுமுறை கிடையாது. 24-ஆம் தேதி செவ்வாய், மறுநாள் புதன், இரண்டும் வேலை நாள். நான் மாலை வரை ஆபீசில் இருந்தேன். ஊரில் இந்நேரம் குடிலுக்கு வைக்கோல் பரப்பி, வீட்டு வாசலில் நட்சத்திரம் கட்டியிருப்பார்கள். இங்கே பால்கனியில் கட்டிய நட்சத்திரம் கார் பார்க்கிங்கைப் பார்த்துத் தொங்குகிறது. ஷார்ஜாவிலேயே கோயில் இருக்கிறதே, தமிழ்ப் பூசைக்குப் போகலாமே என்று மனைவி மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். "பொருத்தனை எந்தக் கோயிலுக்கோ அந்தக் கோயிலுக்குத்தான் போகணும். அதுவும் நடுச்சாமப் பூசைதான்." பேச்சு முடிந்தது.

எட்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டோம். ஷார்ஜாவிலிருந்து துபாய் போகும் அல் இத்திஹாத் சாலையின் நெரிசலைப் பற்றி இங்கே வாழ்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரை மணி நேரப் பாதையில் ஒன்றே முக்கால் மணி நேரம் ஊர்ந்தோம். அம்மா மடியில் டப்பாவோடு ஐம்பத்து மூன்று மணிச் செபமாலையை மூன்று முறை சொல்லி முடித்தார். துபாய்க்குள் மெட்ரோவில் போயிருக்கலாம், கிரீன் லைனில் ஊத் மேத்தா ஸ்டேஷனே இருக்கிறது. ஆனால் செவ்வாயன்று பன்னிரண்டு மணிக்கு ரயில் நின்றுவிடும். நள்ளிரவுப் பூசை முடிந்து ஷார்ஜாவுக்கு எதில் திரும்புவது? காரை எங்கோ ஒரு சந்தில் விட்டுவிட்டு, ஆபரேஷன் செய்த காலோடு அம்மாவை இருபது நிமிடம் நடக்க வைத்தோம்.

நடக்கும்போது, அரபு நாட்டில் இவ்வளவு பெரிய கோயிலை யார் கட்ட விட்டார்கள் என்று கேட்டார். துபாயை அப்போது ஆண்ட ஷேக் ராஷித் கொடுத்த நிலம், 1967-ல் முதல் கோயில் திறந்தார்கள், இப்போது இருப்பது 1989-ல் எழும்பியது என்றேன். "அந்த ராசாவுக்கு ஒரு அருள் நிறைந்த மரியே" என்று நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டுத்தான் மேலே நடந்தார்.

கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். பிலிப்பைன்ஸ்காரர்கள் ஒன்பது நாள் நவநாள் பூசையை முடித்த களைப்பே இல்லாமல் குடும்பம் குடும்பமாக நின்றார்கள். கோவாக்காரர்கள் கோட்டும் சூட்டுமாக வந்திருந்தார்கள். மலையாளிகள், சிங்களவர்கள், ஆப்பிரிக்கப் பெண்களின் பளபளக்கும் தலைக்கட்டு. உள்ளே கால் வைக்க வழியில்லை. வெளி வளாகத்தில் ஒரு சுவரோரம் இடம் பிடித்தோம். எங்களுக்கு வாய்த்தது ஆங்கிலப் பூசை. அம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனால் சுற்றியிருந்தவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொன்ன அதே நொடியில் "உம் ஆன்மாவோடும் இருப்பாராக" என்று அவர் குரல் தனியாகக் கேட்டது. வானவர் கீதம் தொடங்கி மணி அடித்ததும் முட்டி போடப் போனவரை நானும் மனைவியும் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

பூசை முடிந்த பிறகுதான் உண்மையான சோதனை. குடிலை நோக்கி எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். எனக்கு ஒரு ஆதங்கம்: முன்னால் போய் நிற்கிறவர்களில் பாதிப் பேர் பாலனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கிறார்கள். ஒரு குடும்பம் பாட்டி, பேரன், தனித்தனி, சேர்ந்து என்று ஏழெட்டுப் படம் எடுத்தது. முக்கால் மணி நேரம் நகர்ந்து நாங்கள் கயிறு கட்டிய இடத்துக்கு வந்தோம்.

அம்மா டப்பாவைத் திறந்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற தன்னார்வலர், ஐம்பது வயதிருக்கும் பிலிப்பைன்ஸ் பெண், அது ஏழைப் பிள்ளைகளுக்கான நன்கொடை என்று நினைத்துக் கை நீட்டினார். அம்மா தமிழில் என்னவோ சொல்கிறார், அவர் ஆங்கிலத்தில் என்னவோ கேட்கிறார், பின்னால் வரிசை நெருக்குகிறது. எனக்கோ தொண்டை அடைத்துக்கொண்டது. அப்போது என் மகன் கயிற்றின் கீழ் தலையை விட்டு, "இட்ஸ் ஃபார் பேபி ஜீசஸ். ஐ வாஸ் திஸ் ஸ்மால்" என்று இரண்டு கையையும் விரித்து அளவு காட்டினான். நாங்கள் சொல்லிச் சொல்லி அவனுக்கு மனப்பாடம் ஆகியிருந்த அதே 37 சென்டிமீட்டர்.

அந்தப் பெண் அவனைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். கயிற்றைத் தூக்கி அவனை மட்டும் உள்ளே விட்டார்.

சட்டை பத்தவில்லை. குடிலில் இருந்த பாலன் அம்மா நினைத்ததைவிடப் பெரிய சுரூபம். அவன் நெஞ்சு மேல் வைத்துப் பார்த்தான், வயிறு வரைக்கும்கூட வரவில்லை. திரும்பி ஆச்சியைப் பார்த்தான். அந்தப் பெண் சட்டையை வாங்கி, நாடாவை உள்ளே விட்டு நான்காக மடித்து, பாலனின் தலையை லேசாகத் தூக்கி, வைக்கோல் குத்தாதபடி அடியில் வைக்கச் சொன்னார். வைத்தான். ஓரத்தில் லேஸ் மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வெளியே தெரிந்தது. பிறகு குனிந்து பாலனின் காலில் முத்தம் வைத்துவிட்டு ஓடி வந்தான்.

அப்புறம் நடந்தது எதுவும் எனக்கு ஒழுங்காக நினைவில்லை. அம்மா அழுதார், மனைவி அழுதாள், அந்தப் பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசி பெஞ்சில் செபம் வராமல் உட்கார்ந்திருந்தவனைக் கைவிடாத மாதாவே, உமக்கு நன்றி. பெயர் தெரியாத நர்சுகளே, இரவெல்லாம் விழித்திருந்தவர்களே, நீங்கள் எங்கே இருந்தாலும் நன்றாக இருங்கள்.

காருக்குத் திரும்பும் வழியில் மகன் தோளிலேயே தூங்கிவிட்டான். இப்போது பதினெட்டு கிலோ. மனைவி இரண்டு முறை கேட்டும் நான் இறக்கிக் கொடுக்கவில்லை.

ஷார்ஜா வந்து சேர மணி இரண்டரை ஆகிவிட்டது. காலை எட்டுக்கு ஆபீஸ். லிஃப்டில் அம்மா காலி டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஒரு கடன் தீர்ந்துச்சு. வேளாங்கண்ணிக்கு நடந்து வர்றதா வச்சது ஒண்ணு பாக்கி இருக்கு. எனக்கு முழங்கால் இப்படி, நீதான் நடக்கணும்."