குளம் 36 அடி, போன் 33 அடி

"தம்பி, இரணைமடுக் குளத்து வான் கதவு திறந்தாச்சு. உங்கட போன் இன்னும் 33 அடியில நிக்குது. நாங்கள் எதை நம்புறது?"

மார்கழி மழைக்குள் வந்த அழைப்பு. குளம் 36 அடிக்கு ஏறி, மிகை நீர் வெளியேறக் கதவு திறந்த நாள். பேசியவர் பரந்தன் பக்கத்துக் கமக்காரர் ஐயா ஒருவர். போனிலும் பிழையில்லை, சேர்வரிலும் பிழையில்லை. இரண்டு கிழமைக்கு முன் நான் எழுதிச் சேர்த்த ஒற்றை வரிதான் பிழை.

கிளிநொச்சியில் வீட்டிலிருந்து மென்பொருள் வேலை செய்கிறேன். நண்பர்கள் மூவர் சேர்ந்து, வன்னிக் குளங்களின் நீர்மட்டம், துருசு (மதகு) திறக்கும் நாள், வாய்க்கால் தண்ணீர் முறை ஆகியவற்றைக் காட்டும் சின்னச் செயலி ஒன்றை நடத்துகிறோம். காலையும் மாலையும் 6 மணிக்குக் குளத்தடியிலிருந்து சொல்லும் அளவைப் பதிவோம். வெயில் காலத்தில் யாரும் அதிகம் திறப்பதில்லை. மழை தொடங்கினால் ஐந்து நிமிடத்துக்கு ஒருதடவை திறந்து பார்ப்பார்கள். வானம் வெளித்திருந்தாலும் பார்ப்பார்கள். வவுனியாப் பக்கம் கொட்டுகிற மழை கனகராயன் ஆற்றால் வந்து இங்கே மட்டத்தை ஏற்றிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒவ்வொரு தடவையும் முழு ஜேசன் தரவுக் கோப்பும் இறங்கியது, 48 கிலோபைட். ரீலோட் போட்டு டேட்டா பாவிக்கிற சனத்துக்கு அது காசு. எங்கள் மலிவுச் சேர்வருக்கு அது மூச்சுத் திணறல். கேர்ல் கட்டளையால், பதிலோடு சேர்ந்து வரும் குறிப்புகளான ஹெடர்களை எடுத்துப் பார்த்தேன். வந்த பதிலின் பிரதியைச் சேமித்து வைத்து மறுபடி பாவிப்பதுதான் கேஷ். அதற்கு விதி சொல்லும் கேஷ்-கன்ட்ரோல் என்று ஒன்றுமே இல்லை. செயலிப் பக்கம், சேர்வரிடம் கேட்டு வாங்க ஓகேஎச்டிடிபி என்ற நிரல் நூலகம் பாவிக்கிறோம். அதில் கேஷ் தானாக இயங்காது, இடம் ஒதுக்கிக் கொடுத்தால்தான் வேலை செய்யும். அதையும் யாரும் கொடுத்திருக்கவில்லை.

சரி, இடம் கொடுத்தேன். அளவு 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறைதானே மாறுகிறது என்று நீர்மட்டத்துக்கு மேக்ஸ்-ஏஜ் 43200 போட்டேன், அதாவது பிரதியை அத்தனை நொடிக்குக் கேட்காமலே காட்டலாம். கோரிக்கைகள் சடாரென்று குறைந்தன. பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது யோசித்தால் அந்தக் கணக்கே கோணல். மேக்ஸ்-ஏஜ் எண்ணத் தொடங்குவது சேர்வர் பதிலைக் கொடுத்த நேரத்திலிருந்து, நாங்கள் அளவைப் பதிந்த நேரத்திலிருந்து அல்ல. காலை 11 மணிக்குத் திறந்தவரின் போனில் இரவு 11 வரைக்கும் அதே பிரதி. மாலை 6 மணி அளவு அவருக்குப் போகவே போகாது. வெயில் நாளில் இது யாருக்கும் தெரியவில்லை. மழை நாளில், இடையில் அவசரமாகப் பதிந்த அளவும் போகவில்லை. கீழே இழுத்துப் புதுப்பித்தாலும் போனுக்குள் இருந்த பிரதிதான் வந்தது. சேர்வரில் ஹெடரை உடனே மாற்றினேன். ஆனால் ஏற்கனவே வெளியே போன பிரதியைத் திருப்பிக் கூப்பிட வழியே இல்லை. போன் கேட்க வந்தால்தானே புதிதாகச் சொல்லலாம்? அன்றிரவு வாட்ஸ்அப் குழுக்களில் "செயலியைப் பார்க்க வேண்டாம், குளத்தடியில கேளுங்கோ" என்று குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தேன். சொந்தச் செயலியைப் பார்க்காதே என்று நானே சொன்ன இரவு.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காக வாசித்தேன். கேஷுக்கான இப்போதைய விதிகள் 2022இல் வந்த ஆர்எஃப்சி 9111 என்ற இணையத் தரநிலை ஆவணத்தில் இருக்கின்றன. நோ-கேஷ் என்றால் சேமிக்காதே என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அது நோ-ஸ்டோர். நோ-கேஷ் என்றால் வைத்திரு, ஆனால் எடுத்துக் காட்ட முன் என்னிடம் ஒருமுறை கேள் என்று பொருள். பெயர் வைத்தவரைப் பிடித்துக் கேட்க வேண்டும். நீர்மட்டத்துக்கு அதையே போட்டேன். கேட்பதற்கு ஒரு அடையாளம் வேண்டும், அதுதான் ஈடேக். போன் "என்னிடம் இந்த ஈடேக் இருக்கிறது" என்று இஃப்-நன்-மேட்ச் ஹெடரில் சொல்லும். மாறவில்லை என்றால் சேர்வர் 304 என்று மட்டும் சொல்லும், உடல் இல்லை. 48 கிலோபைட்டுக்குப் பதில் சில நூறு பைட்.

எனக்கு 304 வரவேயில்லை. எப்போதும் 200, அதாவது முழுப் பதில். பதிலின் உடலை ஹாஷ் செய்து, அதாவது உள்ளடக்கத்திலிருந்து ஒரு சுருக்கக் குறியீடு கணித்து, ஈடேக் ஆக்கியிருந்தேன். அதே உடலுக்குள் "உருவாக்கிய நேரம்" என்று ஒரு புலம், நொடிக்கு நொடி மாறுகிறது. ஹாஷும் மாறுகிறது. அந்தப் புலத்தை யார் வைத்தது என்று, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் தேடினேன். நான்தான்.

அதை எடுத்தும் 200. அரை நாள் போனது. கடைசியில் என் நிரலுக்கு முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் என்ற சேர்வர் மென்பொருளின் பதிவேட்டில் கண்டேன்: அது பதிலை ஜிசிப் முறையில் சுருக்கும்போது என் ஈடேக்கின் முன்னால் டபிள்யூவும் சாய்கோடும் சேர்த்து பலவீனமான ஈடேக்காக மாற்றுகிறது. போன் அதை அப்படியே திருப்பி அனுப்புகிறது. என் பைத்தன் நிரலோ எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, வேறு என்று தள்ளுகிறது. இஃப்-நன்-மேட்ச்சுக்கு அந்த முன்னொட்டைக் கணக்கில் எடுக்காமல்தான் ஒப்பிட வேண்டும். இரண்டு வரித் திருத்தம். பிறகு ஹாஷையும் விட்டுவிட்டு, கடைசிப் பதிவின் எண்ணையே ஈடேக் ஆக்கினேன். ஹாஷ் என்றால் 304 சொல்வதற்கும் முழுத் தரவையும் எடுத்துக் கட்ட வேண்டும். எண் என்றால் ஒரு சின்ன வினவல் போதும்.

குளங்களின் பெயர், இடம், முழுக் கொள்ளளவு அடி இவற்றுக்கு ஒரு நாள் மேக்ஸ்-ஏஜ். இதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஆளாளுக்கான தண்ணீர் முறைப் பக்கத்தில்தான் தப்பினேன். எல்லாப் பதிலுக்கும் ஒரே இடத்தில் பப்ளிக், அதாவது எந்தக் கேஷும் சேமிக்கலாம், என்று போடப் போனேன். வவுனியாவில் இருக்கிற எங்கள் அக்கா நிரலைப் பார்த்துவிட்டு உடனே போன் எடுத்தா: "ஆள் ஆரெண்டு காட்டுற ஓதரைசேஷன் ஹெடரோட போற கோரிக்கையின்ர பதிலை இடையில நிக்கிற கேஷ் சும்மா சேமிக்காது. நீ பப்ளிக் எண்டு எழுதினா சேமிக்கலாம் எண்டு நீயே விடுறாய். ஒருத்தற்ற முறை மற்றவருக்குப் போகும்." அந்தப் பக்கத்துக்கு இப்போது பிரைவேட், அவரவர் போன் மட்டும் சேமிக்கலாம்.

கடைசிச் சிக்கல் அக்கராயன் வயலில். அங்கே சிக்னல் வரும், போகும். சிக்னல் இல்லாவிட்டால் பழைய அளவையாவது காட்டு என்று ஒன்லி-இஃப்-கேஷ்ட் (சேமித்ததை மட்டும் தா), மேக்ஸ்-ஸ்டேல் (காலம் கடந்ததும் பரவாயில்லை) சேர்த்துக் கேட்டேன். வந்தது 504, தரப் பிரதி இல்லை என்ற பிழை. நோ-கேஷ் என்று வந்த பிரதியை, கேட்காமல் எடுத்துத் தர ஓகேஎச்டிடிபி மறுக்கிறது. சேர்வரில் அதை மேக்ஸ்-ஏஜ் 0 என்று மாற்றினேன். சிக்னல் இருக்கும்போது முன்போலவே கேட்டுத்தான் காட்டும், இல்லாதபோது பழசைத் தரும். காலம் கடந்ததைக் கேட்காமல் தராதே என்னும் மஸ்ட்-ரீவேலிடேட் மட்டும் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் மறுபடி 504.

பழசைக் காட்டும்போது அது எந்த நேரத்து அளவு என்று மட்டத்துக்குக் கீழே சிவப்பில் வரும். போன கிழமை பரந்தன் ஐயாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நேரம் போட்டது நல்லது தம்பி. எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்கி விடுங்கோ. வயலுக்கு ஆர் கண்ணாடி கொண்டு போறது?"

அதைத்தான் இப்போது செய்துகொண்டிருக்கிறேன்.