எட்டே நியூரானில் ஒரு திசைகாட்டி: மேடு ஒருவழியாக வழுக்கி ஓடுகிறது

பழ ஈ எந்தத் திசை பார்க்கிறது என்பதை நினைவில் வைக்கும் அதன் மூளையின் திசைகாட்டிச் சுற்றைப் பைத்தானில் எழுதி வந்தேன், அது வேலை செய்துவிட்டது! நியூரான்கள் வளையமாக இணைந்திருக்கும், அதில் ஓரிடத்தில் மட்டும் செயல்பாடு குவிந்து மேடாக நிற்கும், மேடு நிற்கும் இடம்தான் திசை. திரும்பச் சொன்னால் மேடு திரும்புகிறது, நிறுத்தினால் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பார்வை உள்ளீட்டைப் பூஜ்யமாக்கினாலும் திசை மறக்கவில்லை.

அக்கம்பக்கத்து நியூரான்களைத் தூண்டுவது, எதிர்ப்பக்கத்தவற்றைத் தடுப்பது என்ற வளையக் கணக்கு இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். எலியின் தலைத்திசை நியூரான்களை (தலை ஒரு குறிப்பிட்ட திசையில் இருக்கும்போது துடிப்பவை) விளக்க 1990களில் காகிதத்தில் போட்ட கணக்கு அது. நரம்பியல் ஆய்வாளர்கள் சீலிக்கும் ஜெயராமனும் 2015இல் ஈயின் மூளைக்குள் அதே மேடு வட்டமாகச் சுற்றுவதை நேரிலேயே படம்பிடித்துக் காட்டினார்கள். எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

நூறு நியூரான் வைத்தால் எந்த எடையை (நியூரான்களுக்கு இடையிலான இணைப்பின் வலிமையை) போட்டாலும் ஏறக்குறைய ஓடிவிடும். எட்டு வைத்தால்தான் பாடு. மெதுவாகத் திருப்பினால் மேடு சேற்றில் சிக்கிய சக்கரம் மாதிரி அப்படியே உட்கார்ந்துவிடும், அப்புறம் திடீரென்று அடுத்த இடத்துக்குத் தாவும். எடைகளை மனம்போன போக்கில் மாற்றிப் பார்ப்பது வீண் வேலை. வழி இதுதான்: மேட்டை இரண்டு நியூரான்களுக்கு நடுவே, சற்றுத் தள்ளி வைத்து, உள்ளீடு எதுவும் கொடுக்காமல் விடுங்கள். தூண்டல் எடை சரியான மதிப்புக்கு ஒரு பக்கம் இருந்தால் மேடு பக்கத்து நியூரானின் தலைக்கு நகரும், மறுபக்கம் இருந்தால் நடு இடைவெளிக்கு நகரும். நகரும் திசை மாறுகிற இடத்தைப் பாதி பாதியாக நெருக்கிக்கொண்டே போனால், எங்கே வைத்தாலும் அசையாத ஒரு எடை கிடைக்கும். மூன்றாவது தசம இலக்கம் வரை பார்க்க வேண்டும், கொஞ்சம் பிசகினாலும் திரும்ப ஒட்டிக்கொள்கிறது. இப்படிப்பட்ட எடை ஒன்றல்ல, சில இருக்கின்றன. கைவிரல் விட்டு எண்ணக்கூடிய நியூரான்களே போதும் என்று 2024இல் வந்த கட்டுரையில் படித்தபோது பாதிதான் நம்பினேன், இப்போது திரையிலேயே பார்த்துவிட்டேன்.

அதன் பிறகு திருப்பும் பகுதி சுலபமாக வந்துவிட்டது. பி-இஎன் என்பவை ஈ திரும்பும்போது மேட்டை நகர்த்தும் நியூரான்கள்: வளையத்தில் ஒரு படி வலப்பக்கம் தள்ளி இணைந்த கூட்டம் ஒன்று, இடப்பக்கம் தள்ளி இணைந்தது ஒன்று. ஈ எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கக் கூட்டம் மேட்டை இழுக்கிறது.

எந்த நியூரான் எதோடு இணைகிறது என்ற தரவு தேடுபவர்களுக்கு: ஈ மூளையின் ஒரு பகுதிக்கான வரைபடமாக 2020இல் வெளியான ஹெமிபிரெயின், சுமார் 25,000 நியூரான்கள், இலவசம். முழு மூளைதான் வேண்டும் என்றால் 2024இன் ஃபிளைவயர் இருக்கிறது, ஏறத்தாழ 1,39,000. திசைக்கு மூளையின் மையத் தொகுதியை (central complex) மட்டும் எடுத்தால் போதும், சாதாரண மடிக்கணினியே தாங்கும்.

அடுத்து இதன் மேல் அடிகளை எண்ணும் பகுதியைக் கட்டப் போகிறேன். பாலைவன எறும்பின் கால்களில் பொய்க்கால் ஒட்டி நீளமாக்கினால், திரும்பி வரும்போது கூட்டைத் தாண்டிப் போய்த் தேடும் என்று 2006இல் காட்டினார்களே, அதை என் ஈயிடமும் பார்க்க ஆசை. ஆனால் அதற்கு முன் ஒன்று பாக்கி: வேகமாகத் திருப்பினால் மேடு இன்னும் பின்தங்குகிறது. பி-இஎன் எடையைக் கூட்டினால் வேகம் சரியாகிறது, மேடு அகன்றுவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் எடையைத்தான் இப்போது தேடுகிறேன்.