பதினோராவது இணைப்பு ஏன் கிடைக்கவில்லை

ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதும் என் அண்ணன் மகள், பழம் பறிப்பவர்களின் எடையைப் பதிவு செய்வதற்காக நோட் ஜேஎஸ் என்னும் நிரல் இயக்கச் சூழலும் போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளமும் கொண்டு தன் முதல் செயலியை எழுதியிருந்தாள். காலையில் ஒழுங்காக ஓடும் அது, பிற்பகல் எடை போடும் நேரத்தில் அசைவற்று நின்றுவிடும். நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் மேலும் சிறிது நேரம் ஓடும். "மலையில் நெட் சரியில்லை, சித்தப்பா" என்று அவள் சொன்னபோது முதலில் நானும் அதை நம்பினேன். ஆனால் பதிவாகாமல் போகும் ஒவ்வோர் எடையும் ஒருவருடைய அன்றைய கூலி என்பதால், தொலைபேசியிலேயே பேசி முடித்துவிட மனம் வரவில்லை. அஸ்தம்பட்டியிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து நேரில் போனேன்.

போய்ப் பார்த்தால், செயலியும் தரவுத்தளமும் ஒரே மடிக்கணினியில்தான் இருந்தன. முகவரி 127.0.0.1, அதாவது அதே கணினி; தரவுத்தளத்தின் வாசலான போர்ட் 5432. இணையத்துக்கு இதில் வேலையே இல்லை. தரவுத்தளம் ஓடாமல் இருந்தாலோ போர்ட் எண் தவறாக இருந்தாலோ, இணைப்பு மறுக்கப்பட்டது என்ற பிழை உடனே வந்திருக்கும். இங்கே வந்ததோ, ஐந்து விநாடி காத்திருந்த பிறகு, 'டைம்அவுட் எக்ஸீடட் வென் ட்ரையிங் டு கனெக்ட்', அதாவது இணைக்க முயன்றபோது காத்திருப்பு நேரம் கடந்துவிட்டது என்னும் செய்தி. அதுவும் காத்திருப்பு வரம்பை அவள் 5000 மில்லி விநாடி என்று அமைத்த பிறகுதான் வந்தது. செயலியைப் போஸ்ட்கிரஸோடு இணைக்க அவள் பயன்படுத்திய பிஜி நூலகத்தில் அந்த வரம்பின் இயல்பு மதிப்பு சுழியம், அதாவது எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும்.

புதிதாகக் கற்பவர்களை இந்தச் செய்தி திசைதிருப்பிவிடுகிறது. தரவுத்தளத்தை அடைய முடியவில்லை என்று அது சொல்வதாகத் தோன்றும்; ஆனால் பூல் என்னும் இணைப்புத் தொகுப்பில் கடனாகக் கொடுக்க ஓர் இணைப்பும் மீதமில்லை என்றாலும் இதே செய்திதான் வரும். தொகுப்பின் எண்ணிக்கைகளை அச்சிடச் சொன்னேன்: மொத்தம் 10, ஓய்வில் 0, காத்திருப்பவை 3. இயல்பாக அந்தத் தொகுப்பில் பத்து இணைப்புகளுக்கே இடமுண்டு. ஒவ்வோர் இணைப்பின் நிலையையும் காட்டும் போஸ்ட்கிரஸின் பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி பட்டியலைத் திறந்தபோது, பத்து இணைப்புகளும் 'ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்' நிலையில், பரிவர்த்தனையை (முழுதாக நடக்க வேண்டிய, இல்லையேல் ரத்தாக வேண்டிய வேலைத் தொகுதியை) தொடங்கிவிட்டு வேலை எதுவும் செய்யாமல் நின்றன.

அதன் பிறகு நிரலைப் படிப்பது எளிதாயிற்று. அவள் ஓர் இணைப்பைப் பெற்று, பரிவர்த்தனையைத் தொடங்கி, அந்தத் தொழிலாளிக்கு அன்று ஏற்கெனவே எடை பதிவாகியிருக்கிறதா என்று பார்க்கிறாள். பதிவாகியிருந்தால் 'முன்பே உள்ளது' என்று பதிலளித்து அந்த இடத்திலேயே ரிட்டர்ன் செய்துவிடுகிறாள். இணைப்பைத் திருப்பித் தரும் ரிலீஸ் வரி அதற்குக் கீழே இருந்தது. காலையில் எடை போட்டவர்களே பிற்பகலிலும் கூடையுடன் வருவார்கள் அல்லவா? அப்படி வரும் ஒவ்வொருவருக்கும் ஓர் இணைப்பு திரும்பாமல் போக, பத்துப் பேருக்குப் பின் எல்லாமே நின்றது.

வரம்பை ஒரு நிமிடமாக்கலாமா என்று கேட்டாள். திரும்பி வராத இணைப்புக்காக ஒரு நிமிடம் காத்திருந்தாலும் அது வரப்போவதில்லை. தொகுப்பை ஐம்பதாக்கினால் தடங்கல் தள்ளிப்போகும், அவ்வளவுதான். போஸ்ட்கிரஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் தனிச் செயல்முறையை நடத்துவதால் அந்தச் சிறிய மடிக்கணினிக்குச் சுமையும் கூடும்.

ரிலீஸ் வரியை ஃபைனலி பகுதிக்கு மாற்றினோம். எந்த வழியில் வெளியேறினாலும் அது நடந்தே தீரும். முன்கூட்டியே வெளியேறும் இடத்திலும் பிழையைப் பிடிக்கும் கேட்ச் பகுதியிலும் பரிவர்த்தனையை ரத்து செய்யும் ரோல்பேக் சேர்த்தோம், ஏனெனில் முடியாத பரிவர்த்தனையோடு திருப்பித் தந்த இணைப்பு அடுத்த பதிவைக் குழப்பிவிடக்கூடும். ஒற்றை வினவல் மட்டும் உள்ள பக்கங்களில் பூல் வழியாகவே நேரடியாக வினவச் சொன்னேன். அங்கே இணைப்பைத் திருப்பித் தருவதை நூலகமே பார்த்துக்கொள்ளும். பிற்பகல் எடையையும் தனி வரியாக ஏற்கும்படி அட்டவணையை அவளே மாற்றி எழுதத் தொடங்கியிருக்கிறாள்; முதலிலேயே அப்படி இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

புறப்படுமுன் ஒரே பெயரைப் பதினைந்து முறை பதியச் செய்து பார்த்தோம். பதினைந்து முறையும் பதில் உடனே வந்தது, காத்திருப்பவை 0.