டர்பனும் டிரெவர் மகோபாவும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் போகிறவர்கள் கடற்கரையையும், ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌவையும் முடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நகர மண்டபத்தின் மாடி ஏறுவதில்லை. 1910-இல் கட்டிய கட்டடம். ஒரு மாடியில் டோடோ பறவையின் எலும்புக்கூடும் எகிப்திய மம்மியும், அதற்கும் மேலே ஓவியக்கூடம். பிள்ளைகள் கூட்டம் டோடோவோடு நின்றுவிடுவதால் மேலே நிம்மதி.

அழைத்துப்போனவர், நான் தங்கியிருந்த சாட்ஸ்வொர்த் வீட்டு அக்கா. ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை. வழியெல்லாம் டிரெவர் மகோபா புராணம்தான். 1956-இல் டர்பனின் காடோ மேனர் பகுதியில் பிறந்த ஜூலு இன ஓவியர், தானாகவே வரையக் கற்றவர், 1996-இல் ஸ்டாண்டர்ட் பேங்க் இளம் கலைஞர் விருது வாங்கியவர். 2003-இல் போய்விட்டார், ஐம்பதைக்கூடத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தடித்த ஓவியப் புத்தகம் ஒன்றை விரித்தார். 1995-இல் வரைந்த 'தோட்டத்தில் பெரும் சபலம்': தோட்டவேலை பார்க்கும் கறுப்பர், அவரை மயக்கப் பார்க்கும் வெள்ளைக்கார எஜமானி. இனம் தாண்டிய உறவு 1985 வரை அங்கே சட்டப்படி குற்றம். எட்டிப் பார்த்த ஆயா, அக்காவின் அம்மா, "எங்க அண்ணனும் மேடம் வீட்டுத் தோட்டத்துலதான் இருந்தாரு. பின்வாசல்ல நிக்க வச்சு, தனியா ஒரு தகர டம்ளர்ல டீ குடுப்பாங்க" என்றார்.

சரி, வெள்ளைக்காரர்களைச் சாடுவது சுலபம் என்று நினைக்கும்போதே அக்கா அடுத்த படத்தைக் காட்டினார். 'அப்பாதாம்மா'. வீட்டுக்குள்ளேயே பிள்ளைக்கு நடக்கும் பாலியல் கொடுமை. சொந்த ஜனங்களிடமும் முகத்துக்கு நேரே சொல்கிற இந்தத் துணிச்சலுக்காகவே மகோபாவை நான் பெரிய ஓவியர் என்பேன்.

காடோ மேனர் என்றதும் ஆயா முகம் மாறியது. அவர் குடும்பம் கீரை பயிரிட்ட மேடு அது. 1949-இல் இந்தியருக்கும் ஆப்பிரிக்கருக்கும் நடந்த கலவரத்தில் டர்பனில் 142 பேர் செத்தார்கள். அதைப் பற்றி ஆயா வாயே திறப்பதில்லையாம். அப்புறம் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்து, இந்தியர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கும் ஆப்பிரிக்கர்களை உம்லாசி, குவாமாஷு பக்கமும் துரத்தியது.

"அந்த ஓவியர் வீடு ஆத்துக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார் ஆயா. அக்காவுக்குத் தெரியவில்லை. விடுவாரா? மேசையில் விரலால் கோடு போட்டு, கீரைப் பாத்தி இங்கே, கடை அங்கே என்று காட்டியவர், விடிந்ததும் காரை எடு, போய்ப் பார்த்துவிடலாம் என்று மகளை நச்சரிக்கத் தொடங்கிவிட்டார்.